அறம், தலைமை, பள்ளிக்கூடம், பொது சுகாதாரம்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

31 வருஷம் குமரி மாவட்டத்துப் பள்ளிகளில் வாத்தியாராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒரு சாயங்காலம், கூப்பிடுகிற இடத்துக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். கிளை நூலகம், தேவாலயப் பங்கு மண்டபம், அய்யாவழி வழிபாட்டிடமான நிழல்தாங்கலின் திண்ணை, மகளிர் குழுக் கூட்டம் என்று இடம் மாறும். வருகிறவர்கள் ஆசிரியர்கள், கிராம சுகாதார நர்ஸ்கள், வார்டு உறுப்பினர்கள், கல்லூரிப் பிள்ளைகள். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் அவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அறம் வேறு, விழுமியம் வேறா?

நாம் எதையெல்லாம் உயர்வாக நினைக்கிறோமோ அதெல்லாம் விழுமியம். உண்மை, இரக்கம், மானம், உழைப்பு என்று அடுக்கலாம். அவற்றில் இரண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் அறம் வருகிறது.

ஒரு வீட்டில் மருமகளுக்குக் காசநோய். “யாருக்கும் தெரிய வேண்டாம் அக்கா” என்று நர்ஸின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். அதே வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ரகசியத்தைக் காப்பதும் நல்லதுதான், குழந்தையைக் காப்பதும் நல்லதுதான். எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் இந்த இடத்தில் நான்கு முறை அந்த வீட்டுக்குப் போனார். அவராகப் போய் மாமியாரிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே கணவனிடம் சொல்லும்வரை கூட இருந்து தைரியம் கொடுத்தார். பிறகு குழந்தைக்குப் பரிசோதனை செய்து, தடுப்பு மாத்திரையும் தொடங்கினார்கள். நாலு நடை நடந்ததைத்தான் நான் அறம் என்கிறேன்.

நல்ல மனசு இருந்தால் போதாதா? இதைத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டுமா?

போதாது. நம் ஊர் சரித்திரமே அதற்குச் சாட்சி.

திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தபோது, இந்த மண்ணின் பெரும்பகுதிப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டால் அடி விழுந்தது. பல ஆண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலையில்தான் மகாராஜா உத்தரம் திருநாள் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அதுவரை இந்த வழக்கத்தைக் காத்து நின்றவர்கள் எல்லாரும் கொடூரமானவர்களா? இல்லை. கோயிலுக்கு விளக்கு போட்டவர்கள், வந்தவர்களுக்குச் சோறு போட்டவர்கள், தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சியவர்கள்தான். நல்ல மனசு இருந்தும் அது யாரிடம் போகலாம், எந்த வாசலில் நின்றுவிட வேண்டும் என்பதை ஊர் வழக்கம் முடிவு செய்தது.

அந்தக் காலத்தில்தான் சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் (1809–1851) முத்திரிக்கிணற்றைத் தோண்டச் செய்தார். எந்தச் சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குளிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம். அவரைப் பின்பற்றித் துவையல் தவசு இருந்தவர்களுக்கு உடம்பையும் உடையையும் தண்ணீரில் அலசிச் சுத்தமாக வைத்துக்கொள்வதே தவம். பொது சுகாதாரம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நான் இந்தக் கிணற்றிலிருந்துதான் தொடங்குவேன். தண்ணீர், சுத்தம், சமத்துவம் மூன்றையும் அங்கே தனித்தனியாகப் பிரிக்க முடியாது. நல்ல தண்ணீர் பக்கத்துத் தெருவில் இருந்தும் தொட முடியாதவனிடம் சுகாதாரத்தைப் பற்றி என்ன பேசுவது?

இதற்குப் பிறகும் தண்ணீரில் சாதி பார்ப்பது தீரவில்லை. நாகர்கோவில் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்களுக்கே சாதி பார்த்து ஆசனமும் தண்ணீர்ப் பானையும் இருந்த காலத்தில்தான் 1921-ல் நேசமணி அங்கே தொழில் தொடங்கினார். குமரியைத் தமிழகத்தோடு இணைக்கும் போராட்டத்துக்குத் தலைமை தாங்குவதற்கு வெகு நாள் முன்பே அவர் எதிர்த்து நின்றது அந்தப் பானையைத்தான். சட்டம் படித்தவர்கள் கூடுகிற இடத்திலேயே அது இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறேன். இன்று நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பானை எது என்று நாமாகத் தேடினால்தான் தெரியும்.

ஒரு தலைவரிடம் அறம் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

மேடைப் பேச்சை வைத்து இல்லை. மற்றவர்களைச் செய்யச் சொல்வதைத் தன் உடம்பிலும் தன் வீட்டிலும் முதலில் செய்கிறாரா என்று பாருங்கள். 1813 வாக்கில் திருவிதாங்கூரில் அம்மை குத்தும் வழக்கம் வந்தபோது ஜனங்கள் பயந்து ஓடினார்கள். ராணி கௌரி லட்சுமிபாய் காலத்தில் முதலில் அரச குடும்பத்தாருக்கே குத்திக் காட்டினார்கள். 200 வருஷம் கழித்தும் பயத்தைப் போக்க இதைவிட நல்ல வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்புறம், பதவியால் அவர் என்ன பெற்றார், எதை இழந்தார் என்று பாருங்கள். பூதப்பாண்டியில் 1907-ல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, சட்டமன்ற உறுப்பினராக இருந்த பிறகும் தாம்பரத்தில் குடிசையில்தான் வாழ்ந்தார். நாகர்கோவிலில் டாக்டர் எம்.இ. நாயுடு என்று ஒருவர் இருந்தார். மருத்துவத் தொழிலோடு கௌரவமாக இருந்திருக்கலாம். வைக்கம் போராட்டத்துக்குப் போனார், திரும்பி வந்து 1926-ல் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று சத்தியாகிரகத்தை நடத்தினார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12-ல். நடுவில் 10 வருஷம். அத்தனை நாளும் தளராமல் இருக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர்கூடத் தெரியாமல் போய்விட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

பெரிய தலைவர்கள் மட்டும் இல்லை. மகளிர் குழுத் தலைவி கணக்கு நோட்டை எல்லாரும் பார்க்கிற மாதிரி விரித்து வைக்கிறாரா, கிராம சபையில் பிடிக்காத கேள்வி கேட்டவரின் பெயரும் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்பதும் இதே சோதனைதான்.

படிப்பில் நம் மாவட்டம்தானே முதலிடம்? இன்னும் என்ன குறை?

2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே அதிகம். பெருமைப்பட வேண்டியதுதான். இது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1806-ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயும் பின்னால் வந்தவர்களும், பள்ளி வாசலே மிதிக்க முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார். கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817-ல் ராணி கௌரி பார்வதிபாய் கட்டளையிட்டார். வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே கொண்டுவந்ததால்தான் இந்த 91.75 வந்தது.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? மார்க் வாங்காத பிள்ளையை 9-ஆம் வகுப்போடு “வேறு எங்கேயாவது சேருங்கள்” என்று அனுப்புகிற பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். 100 சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டுவதற்காக அந்தப் பிள்ளையை வெளியே தள்ளுகிறார்கள். பழைய பானைக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நன்னெறிப் பாட வேளை பலன் தருமா?

கொஞ்சம். ஆனால் கழிப்பறை கழுவ எந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்பதை எல்லாப் பிள்ளைகளும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாடம்தான் மனசில் நிற்கும்.

பள்ளியிலோ ஊரிலோ நோய் வந்தால், பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பது அவ்வளவு பெரிய தவறா?

இதற்கு என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆன நேரம். ஒரே வாரத்தில் ஏழாம் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. புது வருஷச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. பள்ளிப் பொறுப்பில் இருந்தவர்கள் என்னைக் கூப்பிட்டு, “வருகைப் பதிவில் காய்ச்சல் என்று போடுங்கள், போதும்” என்றார்கள். நான் அப்படியே எழுதினேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறாவது நாள் அந்தப் பகுதி நர்ஸ் வேறு வேலையாக ஒரு வீட்டுக்குப் போனபோது, திண்ணையில் படுத்திருந்த பையனின் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தார். மறுநாளே சுகாதார ஆய்வாளர் வந்தார். பள்ளிக் கிணற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்த கழிப்பறைக் குழி கசிந்திருந்தது. நம் மாவட்டத்தில் வீடும் கிணறும் குழியும் நெருக்கமாக இருப்பதால் இது எங்கேயும் நடக்கக்கூடியது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், குழியை மாற்றச் சொன்னார்கள்.

அப்போதுதான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். தண்ணீர் மூலம் பரவும் இந்தக் காமாலைக் கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். கண் மஞ்சளாவதற்கு முந்தைய நாட்களில்தான் பிள்ளையிடமிருந்து கிருமி அதிகமாக வெளியேறும். அதாவது மூன்று பிள்ளைகள் படுத்தபோதே வேறு பிள்ளைகள் அதைக் குடித்து முடித்திருந்தார்கள். நான் “காய்ச்சல்” என்று எழுதிய ஆறு நாளும் இன்னும் பலர் குடித்தார்கள். அடுத்த மாதம் வரிசையாகப் படுத்தார்கள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள், அது கடவுள் புண்ணியம்.

ஒரு பையனைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் அவன் அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. “சாரே, அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா தண்ணிய காய்ச்சியாவது குடுத்து விட்டிருப்பேனே” என்றார். அவர் கேட்டதில் பெரிய நீதி எதுவும் இல்லை. தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தகவல், அவ்வளவுதான். அதைக் கொடுக்காமல் இருந்தோம். சேர்க்கை எண்ணிக்கை அந்த வருஷமும் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலே இருப்பவர் தவறு செய்யச் சொன்னால் சின்ன உத்தியோகத்தில் இருப்பவர் என்ன செய்ய முடியும்?

முதலில், எழுத்தில் கேளுங்கள். “எழுதிக் கொடுங்க சார், செய்துவிடுகிறேன்” என்று பணிவாகச் சொன்னாலே பாதி உத்தரவுகள் காணாமல் போகும். இரண்டாவது, தேதி போட்டு உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். மூன்றாவது, தனியாக நிற்காதீர்கள். உங்களைப் போலவே சங்கடப்படுகிற இன்னொருவர் பக்கத்து அறையில் கட்டாயம் இருப்பார். நான் அன்று அந்த ஒருவரைத் தேடவில்லை.

வர்ம ஆசான்கள் வித்தையை மறைத்து வைத்தது சரியா?

குமரியில் பேசினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எனக்கும் பிடித்த கேள்வி.

வர்மப் புள்ளிகள் 108 என்பார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டால் ஆளையே சாய்க்கிற இடமும், வலியை இறக்குகிற இடமும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. அதனால் ஆசான்கள் வந்தவனுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கவில்லை. பல வருஷம் கூட வைத்துக்கொண்டு, எண்ணெய் காய்ச்சவும் மருந்து இடிக்கவும் விட்டு, இவனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்கிறான், குடித்தால் எப்படிப் பேசுகிறான், ஏழை வந்தால் எழுந்து பார்க்கிறானா என்றெல்லாம் கவனித்தார்கள். அடியைச் சொல்லிக் கொடுக்கும் முன், அடிபட்டவரை மீட்கும் அடங்கலையும் இளக்குமுறையையும் பழக்கிய ஆசான்கள் உண்டு. கெடுக்கத் தெரிவதற்கு முன்னால் சரிசெய்யத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இதில் பெரிய பாடம் இருக்கிறது. நாம் இன்று ஒருவரை ஆசிரியராகவோ மருத்துவராகவோ ஆக்கும்போது மதிப்பெண்ணைத் தவிர எதையாவது பார்க்கிறோமா?

ஆனால் முழுதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். குணத்தைப் பார்த்து மறைத்தது அறம். மகனுக்கு மட்டும், சொந்தக்காரனுக்கு மட்டும் என்று மறைத்ததும், யாருக்கும் கொடுக்காமல் ஏட்டோடு சேர்ந்து அழிய விட்டதும் அறம் ஆகாது. அறிவு பிறரைக் காப்பதற்காக வந்தது.

இலவசமாகப் பார்ப்பதுதான் மருத்துவ அறமா?

அது ஒரு பகுதி. நெய்யூரில் 1838-ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பின்னால் வந்தவர் ஹோவர்ட் சாமர்வெல். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அறுவை செய்தவர். 1922-ல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்துவிட்டு, இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்திருப்பதையும் மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருப்பதையும் பார்த்தார். லண்டனில் கிடைக்கவிருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கினார். அந்நாளில் இந்தப் பக்கம் குடல்புண்ணால் அவதிப்பட்டவர்கள் ஏராளம். அந்த அறுவை சிகிச்சையில் அவர் பெயர் பெற்றார். ஆள் எங்கே தேவைப்படுகிறதோ அங்கே இருப்பது, அதுவும் மருத்துவ அறம்தான்.

இன்னொரு பகுதி, விளக்கிச் சொல்வது. சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்து அறுவை சிகிச்சையும் செய்துவிடக் கூடாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. “என்ன செய்யப் போறீங்க, செய்யாம விட்டா என்ன ஆகும், வேற வழி இருக்கா” என்று இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற மருத்துவர் பணம் வாங்காவிட்டாலும் பாதிதான் செய்கிறார்.

தடுப்பூசியைக் கட்டாயப்படுத்தலாமா?

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயிரும் சேர்ந்திருப்பதால் ‘என் இஷ்டம்’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் மிரட்டினால் கதவு அடைபடும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸாப்பில் வதந்தி பரவி, தமிழ்நாடு முழுக்கப் பெற்றோர் பயந்தார்கள். என் பள்ளியிலும் பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்பவில்லை. நாங்கள் பெற்றோரைக் கூட்டி, முதலில் அவர்கள் பேசட்டும் என்று விட்டோம். ஒரு ஆசிரியை எல்லார் முன்னாலும் தன் மகளுக்கு ஊசி போட வைத்தார். அடுத்த நாள் வரிசை நின்றது.

ஒக்கி புயல் நேரத்தில் தவறு எங்கே நடந்தது?

2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி ஆட்கள் பல நாள் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்கிறவர்கள். புயல் என்று அறிவிப்பு வந்தபோது அவர்கள் கரையை விட்டுப் போய் நாட்கள் ஆகியிருந்தன. படகில் இருந்த வயர்லெஸ் எட்டாத தூரம். எச்சரிக்கை சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள். கேட்க வேண்டியவர்களின் காதில் அது விழுந்ததா என்று யாரும் உறுதி செய்யவில்லை. சொன்னதோடு பொறுப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் நிர்வாகத்தில் நான் காணும் பெரிய அறக்குறை.

அதற்குப் பிறகு பட்டியல். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அதிகாரிகள் சொன்ன எண்ணும், ஊர்கள் சொன்ன எண்ணும் ஒத்துவரவில்லை. தேவாலயப் பங்குகளில் உட்கார்ந்து வீடு வீடாகப் பெயர், வயது, படகு என்று எழுதினார்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தது, ‘எங்கள் ஆட்களைத் தேடுங்கள், எண்ணுங்கள்’ என்பதற்காகத்தான். ஒரு பெயர் பட்டியலில் இல்லையென்றால் அந்த ஆளைத் தேடப் படகு போகாது, அந்த வீட்டுக்கு உதவியும் வராது. பொது சுகாதாரத்திலும் இதே கதைதான். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுகிற அதிகாரி யாரோ ஒருவரின் மருந்தைக் குறைக்கிறார்.

மணவாளக்குறிச்சி மணலால் புற்றுநோய் வருகிறதா?

கூட்டத்தில் இதைக் கேட்காத கடற்கரை ஊர் இல்லை. அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இதைச் சொல்ல வேண்டும். அது கருநாகப்பள்ளியின் முடிவு, நம் கரையில் நாலு வீட்டுக்கு ஒரு நோயாளியைப் பார்த்தவரின் பயத்துக்கு அது மட்டுமே பதில் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகையிலை போடுகிறவர் “எல்லாம் மணலால்தான்” என்று வாய்ப்புண்ணைக் காட்டாமல் இருந்தால் அதையும் தடுக்க வேண்டும்.

2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். “படிக்காதவர்களின் பயம்” என்று அதை ஒதுக்கியவர்களை நான் கேட்டிருக்கிறேன். தங்கள் ஊரில் என்ன நடக்க வேண்டும் என்று கேட்க, அங்கே குடியிருப்பதே போதுமான தகுதி.

எங்கள் ஊரிலும் இந்தக் கூட்டம் நடத்தலாமா?

தாராளமாக. முதல் கூட்டத்தில் அறம் என்ற வார்த்தையே வேண்டாம், தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் குளோரின் பார்க்கிற கருவியோடு ஆள் வருவார். குழாயின் கடைசி முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தெருத் தெருவாகப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எல்லார் முன்னாலும் பாருங்கள். எந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் போகிறது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். பேச்சு தானாக வளரும்.

நேரத்தை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மீன் விற்கப் போகிற பெண்களும், விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களும், முந்திரி ஆலையிலிருந்து திரும்புகிறவர்களும் எப்போது வர முடியும் என்று அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.